இரத்தத்தில் உலவும் காவற்படை

பொதட்டூர்பேட்டையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறியும் ஏரும் நம் மக்களுக்குச் சோறளிக்கின்றன. குடும்பத் தலைவர் காசநோயால் படுத்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே, அந்நோயை உடல் எவ்வாறு எதிர்க்கிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. இவை உடலெங்கும் சுற்றி வருகின்றன. அந்நியப் பொருள் எங்கேனும் புகுந்தால், இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து அவ்விடத்தை அடைகின்றன. சில அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. வேறு சில அதன் அடையாளத்தை நினைவிற்கொண்டு, அது மறுமுறை வருங்கால் விரைந்து தாக்குகின்றன. டியூபர்குலின் ஊசி போட்ட இடம் 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பது இந்நினைவாலேதான். கிருமி முன்பே உடலிற் புகுந்திருக்கலாம் என்பதை அது காட்டுமேயன்றி, நோய் உண்டென்று காட்டாது.

காசநோய்க் கிருமியோ விழுங்கப்பட்ட பின்பும் அணுவினுள்ளே உயிர்வாழ வல்லது. அப்போது, ஏரிக்கரையில் கசிவு கண்ட இடத்தை ஊரார் கூடி மண்ணிட்டு வளைப்பதுபோல், மேலும் பல வெள்ளணுக்கள் திரண்டு அதைச் சூழ்ந்து அடைக்கின்றன. அடைப்பு உறுதியாயிருக்கும்வரை நோய் வெளிப்படாது. கிருமி புகுந்தோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் உண்டாகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, புகைபிடித்தல் முதலியன அடைப்பைத் தளர்த்துகின்றன.

தடுப்பூசி போட்டதனால் அச்சமில்லை என எண்ணலாகாது. அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய பெரும் சோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். 15 ஆண்டுகள் கண்காணித்ததில், வயது வந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை எனத் தெரிந்தது. எனினும் சிறு குழந்தைகளை மூளையைத் தாக்கும் கொடிய காசத்தினின்று அது காப்பதால், பிறந்த குழந்தைக்குத் தவறாது போடுதல் வேண்டும்.

வயது வந்தோருக்கு மருந்தே வழி. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்து மருந்துண்போரும் சானடோரியத்தில் இருப்போருக்கு நிகராகக் குணமடைவர் என நிரூபித்தது.

நாம் செய்யவேண்டியவை:

1. இரு வாரத்துக்கு மேல் இருமுவோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2. சாதாரணக் காசத்துக்கு மருந்து 6 மாதம். இருமல் நின்றதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தோன்றக்கூடும்.

3. நகரி முதலிய ஆந்திர ஊர்களுக்கு வேலைக்குச் செல்வோர் முன்கூட்டியே தெரிவித்து, அங்கே மருந்து தொடர ஏற்பாடு செய்துகொள்க.

பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அவ்வீடுகளுக்குப் பஞ்சாயத்து அங்கத்தினர் தாமே சென்று தைரியம் கூறி, நோயுற்றோரைச் சிகிச்சைக்கு அழைத்து வருவாராக.