கப்பலேறிய பெரிய தாத்தா

கேள்வி: எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனாராம். அவர் வம்சத்தைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை செய்யலாமா?

பதில்: காசை இப்போதைக்கு முடிந்து வையுங்கள். முதலில் காகிதம்.

சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் டர்பனைத் தொட்டதிலிருந்து 1911 வரை, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் ஏற்றினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்கு வசதி! இன்று அந்தப் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையமும் இருக்கிறது.

பெயரை நம்பித் தேடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததுதான் எழுத்து. முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆகி, பேரன்களுக்குக் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டார். கிராமம், தகப்பன் பெயர் இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய வட ஆற்காடு ஜில்லா என்றால் இன்றைய வேலூரோடு ஆந்திரத்தின் சித்தூரும் அதில் சேர்த்தி. தாலுகா குழப்பத்துக்குக் கன்னிமாரா நூலகத்தில் பழைய ஜில்லா கெஜட்டியர்களைப் புரட்டலாம்.

அப்புறம் எச்சில் சோதனை. அந்தப் பக்கத்துப் பேரனும் அதே கம்பெனியில் சோதித்திருந்தால்தான் பொருந்தும். இன்னொரு சங்கடம்: தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டியவர்கள் நாம். அதனால் சோதனை தூரத்துச் சொந்தத்தைக்கூட நெருங்கிய உறவென்று காட்டிவிடும்.