ஐஸ் ஃபேக்டரியில் உறையாத தண்ணீர்

பழவேற்காட்டிலும் காசிமேட்டிலும் மீன் பெட்டிகளில் உடைத்துப் போடும் ஐஸ் பாரைப் பார்த்திருப்பீங்க. அது தயாராகும் தொட்டியில் ஒரு வேடிக்கை இருக்கு. தொட்டி நிறைய உப்புக் கரைசல், அதாவது பிரைன், சுமார் மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் சுற்றி ஓடும். அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்கள் மூழ்கி நிற்கும். கேனுக்குள் இருப்பது உறையும். வெளியே ஓடுவது உறையாது. ஏன்?

சுத்தமான தண்ணீரில், 0 டிகிரியில், மூலக்கூறுகள் ஐஸோடு ஒட்டும் வேகமும் பிரியும் வேகமும் சமம். உப்பு கரைந்ததும் கரைசலில் தண்ணீர் மூலக்கூறுகளின் பங்கு குறையும். ஒட்டும் வேகமும் குறையும். ஐஸ் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை என்பதால் பிரியும் வேகம் மாறாது. இரண்டும் மறுபடி சமமாக, இன்னும் குளிர வேண்டும். இதுதான் உறைநிலைத் தாழ்வு.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் படித்த சூத்திரம்தான்:

உறைநிலைத் தாழ்வு = வான்ட் ஹாஃப் காரணி × 1.86 × மோலாலிட்டி

சாப்பாட்டு உப்பு 2 அயனிகளாகப் பிரிவதால் காரணி 2. தாழ்வு 10 டிகிரி வேண்டுமென்றால், 10-ஐ 3.72-ஆல் வகுக்க 2.7 மோலால். 1 கிலோ தண்ணீருக்கு 157 கிராம் உப்பு. எடையில் சுமார் 14 சதவீதம்.

கணக்கு முடிஞ்சுதுன்னு பேனாவை மூடிடாதீங்க. பிரைனைக் குளிர வைப்பது அம்மோனியா குழாய்கள். தொட்டி மைனஸ் 10 என்றால், உள்ளே ஆவியாகும் அம்மோனியா மைனஸ் 15 பக்கம் இருக்கும். 14 சதவீத பிரைன் அந்தக் குழாய் மேலேயே ஐஸாகப் படியும். அந்த ஐஸ் வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். கம்ப்ரஸர் ஓடும், கரண்ட் பில் ஏறும், தொட்டி மட்டும் குளிராது. அதனால் 20 சதவீதம் தேவை. அது மைனஸ் 16.5 வரை தாங்கும்.

அப்போ இன்னும் அள்ளிப் போடலாமா? 23.3 சதவீதத்தில் கிடைக்கும் மைனஸ் 21 தான் எல்லை. அதற்கு மேல் போட்டால், குளிரும்போது உப்பே படிகமாகி அடியில் தங்கும். அதைவிடக் குளிர் வேண்டுமா? 3 அயனிகள் தரும் கால்சியம் குளோரைடு இருக்கு. சுமார் 30 சதவீதத்தில் மைனஸ் 50 பக்கம் வரை போகும்.

கேனைத் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் பிரைன் ஒட்டிக்கொண்டு போகும். அந்தக் குறையை வெறும் தண்ணீரால் நிரப்பினால் கரைசல் நீர்த்துப்போகும். கண்ணுக்குத் தெரியாது, ஹைட்ரோமீட்டர் சொல்லும். அறை வெப்பநிலையில் 20 சதவீத பிரைனின் ஒப்படர்த்தி சுமார் 1.15.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போகிறவர்கள், பிரைன் சில்லர் கண்ணில் பட்டால் இரண்டு கேள்வி கேளுங்க: குழாய்க்குள் வெப்பநிலை எவ்வளவு? ஹைட்ரோமீட்டர் எவ்வளவு காட்டுது? தொட்டியின் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து உப்பைக் கணக்குப் போடக்கூடாது.