தேவ ராஜ்யம் எங்கே உள்ளது?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய முன்னோர் குடியேறிய நாடு இறைவனுடையதாகவே கருதப்பட்டது. 1750-இல் மார்த்தாண்டவர்மா திருவிதாங்கூர் அரசை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசன்' என்ற பெயருடன் ஆண்டார். கிறிஸ்தவர்கள் கூறும் 'தேவ ராஜ்யம்' என்பதையும் இப்படியொரு நாடாகக் கருதிவிட இடமுண்டு. ஆனால் அதற்கு எல்லை இல்லை, கோட்டையும் இல்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'பசிலேயா' என்ற சொல், ஆளப்படும் நிலத்தைவிட ஆளும் செயலையே முதன்மையாகச் சுட்டுகிறது. 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' அதை 'இறையாட்சி' என்று பெயர்த்தது பொருத்தமே.

அந்த ஆட்சி எப்போது வரும் என்று பரிசேயர் வினவினர். லூக்கா தரும் விடையில் 'எந்தோஸ்' என்ற சொல் வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'உங்களுக்குள்' என்றது. திருவிவிலியம் 'உங்கள் நடுவே' என்கிறது. வேதாந்தம் பயின்றோர்க்கு முன்னதே இனிக்கும். இதயக்குகையில் உறையும் பரம்பொருளை அது நினைவூட்டுகிறது அல்லவா! எனினும், வினவியவர்கள் இயேசுவை ஏற்காதவர்கள் என்பதை மறக்கலாகாது. அவர்கள் கண்ணெதிரே அவர் நோயாளரைத் தொட்டதிலும், பாவிகள் என்று ஒதுக்கப்பட்டோருடன் உண்டதிலும் இறையாட்சி தொடங்கிவிட்டது என்பதே இன்றைய அறிஞர் பலரும் கொள்ளும் பொருள்.

தொடங்கியது இன்னும் நிறைவுறவில்லை. ஆகவேதான் இயேசு கற்பித்த ஜெபத்தில் அந்த ஆட்சி வரவேண்டும் என்று கிறிஸ்தவர்கள் வேண்டுகின்றனர். அதே ஜெபத்தில் சற்றுப் பின்னே வருவது, அன்றன்றைய உணவுக்கான விண்ணப்பம்.