ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆண்டு

ஒருவன் தன்னை வல்லவனென்று கூறிக்கொள்ளுதல் எளிது. அக்கூற்று மெய்யோ பொய்யோவென்று எல்லாரும் ஒப்பும்படி தெளிதற்கு ஒரு முறை வேண்டும். கல்வியிற் பரீட்சையும், வழக்கில் விசாரணையும், விளையாட்டிற் பந்தயமும் அத்தகைய முறைகளே. முறை செவ்வையாயின் அதன் முடிவு மதிக்கப்பெறும்; முறையிற் குறையிருப்பின் அக்குறையளவிற்கு முடிவும் ஐயத்திற்கிடமாகும். இவ்வுண்மைக்கு, ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களுக்கிடையே 1955-56-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற கோப்பைப் பந்தயம் சிறந்ததொரு சான்றாகும். இன்று 'சாம்பியன்ஸ் லீக்' என்று உலகெங்கும் பேசப்படுவது அதன் வழித்தோன்றலே. அப்பந்தயம் பிறந்த வரலாற்றையும், அதன் முறையையும், அது நடந்தேறிய விதத்தையும், அதனால் நாம் அறியத்தக்கனவற்றையும் இக்கட்டுரையில் முறையே நோக்குவோம்.

பிறந்த வரலாறு

உதைபந்தாட்டத்திற்கு விதி வகுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆதலின் அவ்வாட்டத்தில் தமக்கு நிகரில்லையென்னும் எண்ணம் அவர்களிடையே நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1953-ஆம் ஆண்டு நவம்பரில் ஹங்கேரி நாட்டுக் குழுவினர் லண்டனிலுள்ள வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வென்று அவ்வெண்ணத்தை அசைத்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் புடாபெஸ்ட் நகரில் 7-1 என்று மீண்டும் வென்றனர்.

இப்புண் ஆறுமுன், 1954 டிசம்பர் 13-ஆம் நாளிரவு, புஸ்காஸ் முதலிய ஹங்கேரியப் பெருவீரர்கள் அடங்கிய ஹொன்வெட் கழகம், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் மின்விளக்கொளியில் எதிர்த்தாடிற்று. முற்பாதியில் ஹொன்வெட் இரண்டு கோல் போட்டு முந்தியிருந்தது. நிலமோ சேறு, பிற்பாதியில் ஆங்கிலக் கழகத்தார் மூன்று கோல் போட்டு 3-2 என்று வென்றனர். உடனே ஆங்கிலப் பத்திரிகையொன்று அவர்களை உலகச் சாம்பியன்களென்று முழங்கிற்று.

இம்முழக்கத்தைப் பாரிஸ் நகரிலிருந்து கேட்டவர் காப்ரியேல் ஹனோ என்பவர். இவர் முன்னாளிற் பிரான்ஸ் நாட்டிற்காக ஆடியவர். அப்போது 'லெக்கிப்' என்னும் விளையாட்டுப் பத்திரிகையில் எழுதிவந்தார். தன் ஊரில் ஒருநாள் வென்றவனை உலகவெற்றியாளனென்பது எங்ஙனம் பொருந்துமென்று இவர் வினவினார். வுல்வர்ஹாம்ப்டன் கழகம் மாஸ்கோவிற்கும் புடாபெஸ்டுக்கும் சென்று ஆடட்டும். மிலான், ரியல் மாட்ரிட் முதலிய கழகங்களும் உள்ளன. ஆதலின் ஐரோப்பியக் கழகங்களுக்கென ஒரு பந்தயம் ஏற்படுத்துவதே தக்கதென்பது அவர் கருத்து.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. மத்திய ஐரோப்பியக் கழகங்களுக்கிடையே 'மிட்ரோபா' கோப்பைப் பந்தயம் 1927-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. தென்னமெரிக்காவிலும் 1948-ஆம் ஆண்டு, சிலி தேசத்துச் சாந்தியாகோ நகரில் ஏழு கழகங்கள் கூடி ஆடின. எனினும் கண்டமுழுவதையும் தழுவிய ஏற்பாடு ஐரோப்பாவில் அதுவரை இல்லை. 1955 ஏப்ரலில் கழகப் பிரதிநிதிகள் பாரிஸில் கூடி விதிகளை ஒப்புக்கொண்டனர். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இசைவளித்தது. 1954-இல் நிறுவப்பெற்ற ஐரோப்பியச் சங்கம் பந்தயத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

பந்தய முறை

இப்பந்தயத்திற் கலந்துகொண்டவை பதினாறு கழகங்கள். தோற்றவர் விலக, வென்றவர் மேற்செல்லும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஆனால் இறுதிப் பந்தயம் நீங்கலாக, ஒவ்வோரிணையும் இருமுறை ஆடவேண்டும். ஒருமுறை ஒருவர் ஊரில், மறுமுறை மற்றவர் ஊரில். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி, மிகுதி பெற்றவரே வென்றவராவர். கூட்டுத்தொகை சமமாயின் பொதுவிடத்தில் மூன்றாம் ஆட்டம் நடைபெறும். அவ்வாண்டில் அதற்குத் தேவை நேரவில்லை.

இதன் நியாயத்தைச் சிறிது சிந்திப்போம். சொந்த ஊரில் ஆடுவோனுக்குப் பழகிய நிலமும், பழகிய குளிர்வெப்பமும், உற்சாகமூட்டும் ஜனக்கூட்டமும் துணை. வெளியூரானுக்கோ பயணக் களைப்பும் அயலார் ஆரவாரமும் சுமை. இருவரும் இவ்விரண்டு நிலைமைகளிலும் ஆடிக் காட்டினாலன்றி வன்மை விளங்காது. ஹனோ எழுப்பிய வினாவிற்கு இந்த இரட்டை ஆட்டமுறையே விடையாயிற்று.

நடந்த விதம்

முதற்பந்தயம் 1955 செப்டம்பர் 4-ஆம் நாள் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் நடைபெற்றது. ஸ்போர்ட்டிங் கழகமும் யுகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் கழகமும் 3-3 என்று சமமாக முடித்தன. பெல்கிரேடில் நிகழ்ந்த மறு ஆட்டத்தில் பார்ட்டிசான் 5-2 என வென்றது. அவற்றுள் நான்கு கோல்களைப் போட்டவர் மிலோஷ் மிலூதினோவிச். நான்கே ஆட்டங்களில் எட்டுக் கோல் போட்டு அவ்வாண்டின் முதல்வராய் நின்றவரும் இவரே.

ஸ்காட்லாந்தின் ஹிபர்னியன் கழகம் ஜெர்மனியின் எஸ்ஸன் நகருக்குச் சென்று, அவ்வூர்க் குழுவை 4-0 என வென்றது. எஸ்ஸன் நகரம் யுத்தகாலத்திற் குண்டுவீச்சால் இடிந்த இரும்புத்தொழில் நகரம். யுத்தம் முடிந்து பத்தே ஆண்டுகளில் இருநாட்டு இளைஞரும் ஒரு மைதானத்தில் விதிக்கடங்கிப் போராடினரென்பது சிந்திக்கத்தக்கது.

சார்ப்ரூக்கன் கழகத்தின் கதை இன்னும் விந்தையானது. சார் நாடு அக்காலத்தில் ஜெர்மனியினின்றும் பிரிந்து, தனக்கென ஓர் உதைபந்தாட்டச் சங்கம் உடையதாயிருந்தது. அந்நாட்டின் சார்பிற் சென்ற இக்கழகம் மிலான் நகரிலேயே மிலானை 4-3 என வென்று யாவரையும் வியப்பித்தது. ஆனால் தன் ஊரில் 1-4 எனத் தோற்று விலகிற்று. 1957 ஜனவரியில் சார் நாடும் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்துவிட்டது.

கால் இறுதியில், ரியல் மாட்ரிட்டும் பார்ட்டிசானும் சந்தித்தன. ஸ்பெயினுக்கும் யுகோஸ்லாவியாவிற்கும் அந்நாளில் ராஜதந்திரத் தொடர்பே இல்லை. எனினும் ஆட்டக்காரர்கள் போய் வந்தனர். 1955 கிறிஸ்துமஸ் தினத்தன்று மாட்ரிட்டில் ஸ்பானியர் 4-0 என வென்றனர். ஒரு மாதங் கழித்துப் பெல்கிரேடில் உறைபனி மூடிய நிலத்தில் பார்ட்டிசான் 3-0 என வென்றது. கூட்டிப் பார்க்க 4-3. ஒரே கோல் வேறுபாட்டில் மாட்ரிட் தப்பிற்று. பெல்கிரேடு ஆட்டத்தை மட்டும் கண்டவர் பார்ட்டிசானே வல்லதென்பர். மாட்ரிட் ஆட்டத்தை மட்டும் கண்டவர் மறுத்துரைப்பர். இரண்டையும் சேர்த்தெண்ணுவதன் பயன் இங்கே தெளிவாகின்றது. அரை இறுதியில் மாட்ரிட் தன் ஊரில் மிலானை 4-2 என வென்று, மிலானில் 1-2 எனத் தோற்று, 5-4 என்ற கூட்டுக்கணக்கில் மேற்சென்றது. வெளியூரில் தோல்வி வந்தபோதும் அதனைச் சிறிதாக்கிக்கொள்ளும் திறமே அக்கழகத்தைக் காத்தது.

மற்றொரு புறம், பிரான்ஸின் ரெய்ம்ஸ் கழகம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் கழகத்தையும், பின்னர் ஹங்கேரிய வோரோஸ் லோபோகோ கழகத்தையும் (4-2, 4-4), அதன்பின் ஹிபர்னியனையும் (2-0, 1-0) வென்று இறுதிக்கு வந்தது.

இறுதிப் பந்தயம் 1956 ஜூன் 13-ஆம் நாள் பாரிஸ் நகரில், முப்பத்தெண்ணாயிரம் பேருக்கு மேற்பட்டோர் முன்னிலையில் நிகழ்ந்தது. பத்து நிமிஷத்திற்குள் லெப்லோன், தெம்ப்ளென் என்னும் இருவரும் கோல் போட, ரெய்ம்ஸ் 2-0 என முந்திற்று. 14-ஆம் நிமிஷத்தில் அர்ஜென்டினாவிற் பிறந்த ஆல்பிரெடோ டி ஸ்தெபானோ ஒரு கோல் போட்டார். 30-ஆம் நிமிஷத்தில் ரியால் மற்றொன்று போட்டுச் சமமாக்கினார். பிற்பாதியில் இதால்கோ தலையால் முட்டி, ரெய்ம்ஸை மீண்டும் முன்னேற்றினார். ஐந்து நிமிஷத்தில், காவல் வரிசையில் நிற்கும் மார்கீத்தோஸ் தாமே முன்சென்று மறுபடியும் சமமாக்கினார். 79-ஆம் நிமிஷத்தில் ரியால் தம் இரண்டாம் கோலைப் போட, மாட்ரிட் 4-3 என வென்று முதற்கோப்பையைப் பெற்றது. ரெய்ம்ஸின் முதன்மை ஆட்டக்காரரான ரெமோன் கோப்பா, அடுத்த பருவத்தில் மாட்ரிட்டிற் சேர முன்னரே உடன்பட்டிருந்தார். எனினும் அன்று தம் பழைய கழகத்திற்காக அம்மாட்ரிட்டையே எதிர்த்து ஆடினார். அப்பருவத்தில் மொத்தம் 29 ஆட்டங்களில் 127 கோல்கள் போடப்பட்டன.

முறையின் குறைகள்

இனி, இம்முடிவை ஐரோப்பாவின் தீர்ப்பென்று நாம் கொள்ளலாமோவென ஆராய்வோம். குறைகள் நான்கு புலனாகின்றன.

முதலாவது, கழகங்கள் பெரும்பாலும் அழைப்பினால் வந்தவை. தத்தம் நாட்டில் அவ்வாண்டு வென்றதனால் வந்தவையல்ல. ஸ்காட்லாந்தில் 1954-55-ஆம் ஆண்டு லீக்கில் வென்றது அபர்டீன். அழைக்கப்பட்டதோ ஐந்தாமிடம் பெற்ற ஹிபர்னியன். போர்த்துகலில் வென்றது பென்பிகா, சென்றதோ ஸ்போர்ட்டிங். வாதத்திற்குக் காரணமான ஹொன்வெட் கழகமும் வரவில்லை.

இரண்டாவது, வரவேண்டியவர் வாராமை. இங்கிலாந்தின் லீக்கில் வென்ற செல்ஸீ கழகத்திற்கு ஸ்வீடனின் ஜூர்கார்டன் எதிரியென்று குறிக்கப்பட்டும், உள்நாட்டுப் பந்தயங்களுக்கு இடையூறாகுமென்று லீக் அதிகாரிகள் தடுத்தமையால் அது விலகிற்று. அதனிடத்தில் போலந்தின் க்வார்டியா கழகம் ஆடிற்று. உலகச் சாம்பியன்களென்று முழங்கிய நாட்டிலிருந்து ஒரு கழகமேனும் முதலாண்டிற் கலந்துகொள்ளவில்லை.

மூன்றாவது, இருவூர் விதி எல்லார்க்கும் ஒருங்கே பயன்படவில்லை. ஸ்வீடன் நாட்டுப் பனிக்காலத்தில் ஆடுதல் இயலாமையால், ஜூர்கார்டன் தன் 'சொந்த' ஆட்டத்தையும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே ஹிபர்னியனுடன் ஆடித் தோற்றது.

நான்காவது, இறுதிப் பந்தயத்திற்குப் பொதுவிடமென்று கொண்ட பாரிஸ், இறுதிக்கு வந்த பிரெஞ்சுக் கழகத்திற்கு அயலிடமன்று. ஆயினும் அக்கழகமே தோற்றமையால் இக்குறை ஒருவர் வாயிலும் வழக்காகவில்லை.

அறியத்தக்கன

குறைகள் இருந்தனவெனினும் முயற்சி வீணாகவில்லை. அடுத்த பருவத்திலிருந்து நாட்டுச் சாம்பியன்களே கலந்துகொள்ளலாயினர். மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம், மேலாளர் மாட் பஸ்பியின் உறுதியால், லீக் அதிகாரிகளின் விருப்பத்திற்கு மாறாக 1956-57-இல் நுழைந்து அரை இறுதிவரை சென்றது. அங்கே அதனை வென்றதும் மாட்ரிட்டே. 1957-ஆம் ஆண்டின் இறுதியோ மாட்ரிட் மைதானத்திலேயே நடந்து, மாட்ரிட்டே வென்றது. ஆகவே நான்காங்குறை உடனே தீர்ந்ததெனல் ஒவ்வாது. ஆனால் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு எதிரிகளை வென்று அக்கழகம் கோப்பையைக் கைக்கொண்டபின், முதலாண்டின் முடிவைப் பற்றிய ஐயம் தானே ஒழிந்தது. ஒருமுறை வென்றதைப் பலமுறை ஆடி மெய்ப்பித்தமையே அதற்குக் காரணம்.

மாணவர்கள் இதிற் கண்டுகொள்ளத்தக்கவை இரண்டு. குறையில்லாத முறை அமையுமளவும் காத்திருப்போமென்று ஹனோவும் அவர் நண்பரும் எண்ணியிருப்பரேல் அக்கோப்பை பிறந்தேயிராது. உள்ளதைக்கொண்டு தொடங்கினர், கண்ட குறையைப் பின்னர்த் திருத்தினர். இஃதொன்று. மற்றொன்று, பெருமை பேசுவோர் அயலூர் சென்று ஆடியுங் காட்டவேண்டுமென்பது. நம் ஊரார் கைதட்டுதல் இனியதே. ஆயினும் நமது திறமையின் அளவை நமக்கு அறிவிப்பது அதுவன்று. பழகாத நிலத்தில், பகைத்த ஆரவாரத்திடையே, பனியிலும் சேற்றிலும் நின்று, தோற்கநேரினும் ஒரு கோலையேனும் காத்துத் திரும்புவோனே மறு ஆட்டத்திற்குத் தகுதியுடையவன்.