ஸ்பான்சர் யார்? ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகிறவர்களின் ஆறு நம்பிக்கைகளும் உண்மைகளும்

பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்களின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் அடிக்கடி வந்து விழுகிறது: 'ஜப்பான், தாய்லாந்து, சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை. விசா ஸ்பான்சர்ஷிப் உறுதி.' அந்த நாடுகளில் வேலை இருப்பது உண்மைதான். ஆனால் விசா எப்படிக் கிடைக்கிறது, யார் வாங்கித் தர முடியும், யாருக்குக் கிடைக்காது என்பதில் பாதித் தகவலும் தவறான தகவலும்தான் அதிகம் உலவுகின்றன. அதனால் பணத்தை இழப்பவர்கள் உண்டு. அயல்நாட்டில் சட்டத்தின் பிடியில் சிக்குபவர்களும் உண்டு.

ஸ்பான்சர்ஷிப் என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: வேலை தரும் நிறுவனம் தன் நாட்டு அரசிடம், 'இவர் எங்களுக்குத் தேவை, இவருக்குத் தகுதி இருக்கிறது, சம்பளத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஆவணங்களோடு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பிக்கையாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: நல்ல ஏஜென்ட் கிடைத்தால் விசா வாங்கித் தந்துவிடுவார்.

உண்மை: ஏஜென்ட் பள்ளியைக் காட்டலாம், தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஆனால் அவர் ஸ்பான்சர் ஆக முடியாது.

ஜப்பானில் நடப்பதைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். வேலை ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஆசிரியரை அழைக்கும் பள்ளியோ நிறுவனமோ தன் வட்டாரக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கிறது. அந்த ஆவணக் கட்டில் ஆசிரியரின் பட்டச் சான்றும் புகைப்படமும் மட்டும் இருப்பதில்லை. வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்று காட்டும் ஒப்பந்தமும் இருக்கும். அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குத் தரும் சம்பளத்துக்கு இது குறையக் கூடாது என்பது விதி. சிறிய நிறுவனம், புதிய நிறுவனம் என்றால் அதன் வரவு செலவுக் கணக்கையும் அதிகாரிகள் கேட்பார்கள். ஆசிரியர் மட்டுமல்ல, அழைக்கும் நிறுவனமும் பரிசோதிக்கப்படுகிறது.

இந்தப் பரிசீலனைக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை பிடிக்கும். சான்றிதழ் வந்ததும் அதை ஆசிரியருக்கு அனுப்புவார்கள். 2023 மார்ச் முதல் மின்னஞ்சல் வழியாகவும் பெறலாம். அதை வைத்துத்தான் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் வழியாக விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். சான்றிதழின் ஆயுள் மூன்று மாதம். அதற்குள் ஜப்பானில் காலடி வைத்தாக வேண்டும்.

ஆகவே 'விசா ரெடி' என்று சொல்லும் எவரிடமும் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு. எந்த நிறுவனம் மனுச் செய்கிறது? எந்த விசாப் பிரிவில்? பிரிட்டன் என்றால் பதிலைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். அங்கே ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத பள்ளி தரும் ஆஃபர் லெட்டரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நம்பிக்கை 2: டெஃப்ல் சான்றிதழ் வாங்கிவிட்டால் விசா தானாக வரும்.

உண்மை: பெரும்பாலான நாடுகளில் விசாவின் அடிப்படைத் தகுதி இளநிலைப் பட்டம். டெஃப்ல் என்னும் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்று அதன்மேல் கூடுதலாக வருவது. சீனாவிலும் வியட்நாமிலும் பட்டத்தோடு அந்தச் சான்றையும் பொதுவாகக் கேட்கிறார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் விசா விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. பட்டம் இல்லாதவருக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு டெஃப்ல் படிப்பை விற்று, 'இது போதும்' என்று சொல்வது ஏமாற்று.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டெஃப்ல் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் படிப்பு நடத்தலாம். அதை ஒழுங்குபடுத்தும் பொது அமைப்பு கிடையாது. கேம்பிரிட்ஜின் செல்டாவோ டிரினிட்டியின் சான்றிதழோ அப்படியல்ல. செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று பாடம் நடத்த வேண்டும், பின்வரிசையில் மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருப்பார். வார இறுதியில் இணையத்தில் முடித்துவிடும் படிப்பையும் இதையும் பள்ளி நிர்வாகிகள் ஒன்றாக எடைபோடுவதில்லை.

நம்பிக்கை 3: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆங்கில ஆசிரியர் விசா கிடையவே கிடையாது.

உண்மை: இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சட்டம் எங்கே தடுக்கிறது, பள்ளியின் விருப்பம் எங்கே தடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொரியாவில் தடுப்பது சட்டம். அங்கே மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சியோலில் தெருவுக்குத் தெரு இருக்கும் ஹாக்வான் என்னும் தனிப்பயிற்சிப் பள்ளிகளுக்கும் இதே விதிதான். இந்தியர்களுக்கு ஒரே ஒரு சிறிய வாசல் உண்டு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம், பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் போக வழி செய்கிறது. ஹாக்வான் வேலைக்கு அது பொருந்தாது. 'கொரிய ஹாக்வானில் வேலை' என்று இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரிடம் பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம். டொரோண்டோவிலோ லண்டனிலோ பிறந்து படித்த தமிழரின் கதை வேறு. அவருடைய பாஸ்போர்ட் அந்த ஏழில் ஒன்று.

சீனாவின் விதி, மொழி ஆசிரியர்கள் கொள்கையளவில் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்கிறது. பட்டமும், பொதுவாக இரண்டாண்டு அனுபவமும் அதோடு சேரும். எனவே இந்திய விண்ணப்பதாரருக்கு அங்கே பாதை குறுகலானது.

ஜப்பானில் நாட்டுப் பட்டியல் எதுவும் இல்லை. பள்ளிகளில் கற்பிப்பதற்கான 'கல்வி' விசாவுக்கு, கற்பிக்கும் மொழியிலேயே குறைந்தது 12 ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிற்றுமொழிச் சான்று வாங்கி இதை நிரூபிக்கலாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறியவருக்குக் கணக்கு இடிக்கும், அவர் எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும். விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தாய்லாந்துப் பள்ளிகளில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர் அல்லாதவர்கள் டோயிக் போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ தேவை. சில பள்ளிகள் விளம்பரத்திலேயே 'வெள்ளையர் மட்டும்' என்கிற தொனியில் எழுதுகின்றன. அது அநியாயம். ஆனால் அது அந்தப் பள்ளியின் பாரபட்சம். விசாச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

நம்பிக்கை 4: முதலில் விசிட் விசாவில் போய்விட்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: இந்த ஆறில் ஆளையே கவிழ்ப்பது இதுதான். சுற்றுலா விசாவில் நேர்முகத் தேர்வுக்குப் போவது ஒன்று. வகுப்பில் நின்று பாடம் நடத்துவது வேறு. அது ஒரு நாளாக இருந்தாலும் சட்டவிரோதம்.

சீனாவில் அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானால் 5 முதல் 15 நாள் வரை காவலும் சேரும். சரியான வழி, வேலை அனுமதியின் பேரில் இசட் எனப்படும் வேலை விசாவோடு நுழைந்து, பிறகு தங்கும் உரிமம் வாங்குவது. தாய்லாந்தில் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் விதித்து நாடு கடத்துகிறார்கள். பிடிபடுகிறவர் ஆசிரியர். 'ஆறு மாசத்துல மாத்திடுவோம் சார்' என்று சொன்ன ஏஜென்ட் ஊரில்தான் இருப்பார்.

இதைவிடப் பெரிய அபாயமும் இருக்கிறது. 2022இல் தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பி விசிட் விசாவில் போன இந்தியர்கள் பலர் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியவர்களில் தமிழர்களும் இருந்தனர். அவர்களுக்குச் சொல்லப்பட்டது கணினித் துறை வேலை. ஆனால் வேலை விசா இல்லாமல் விமானம் ஏற்றும் உத்தி ஆசிரியர் வேலைக்கும் அப்படியே பொருந்தும்.

நம்பிக்கை 5: ஸ்பான்சர் செய்த பள்ளிக்கு ஒப்பந்தம் முடியும்வரை அடிமைதான்.

உண்மை: எல்லா இடத்திலும் அப்படியில்லை. கொரியாவின் இ-2 அழைத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நடுவில் மாற வேண்டுமானால் பொதுவாக முதல் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் தேவைப்படும். ஆனால் ஓராண்டு முடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தைப் பணிமுடிவுத் தொகையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே நாட்டுச் சட்டம்.

ஜப்பானில் விசா நிறுவனத்தோடு அல்ல, வேலையின் வகையோடு கட்டப்பட்டது. வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும். ஆனால் அரசுப் பள்ளியிலிருந்து தனியார் உரையாடல் பள்ளிக்கு மாறுகிறவர் விசாப் பிரிவையே மாற்ற வேண்டும், இரண்டும் வேறு வேறு. 2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளிச் சங்கிலியான நோவா நொடித்துப்போனபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள். நிறுவனம் மூழ்கியது; ஆசிரியர்களின் விசா அதோடு மூழ்கவில்லை. பலரால் அதே விசாவில் வேறு பள்ளிகளில் சேர முடிந்தது இதனால்தான்.

நம்பிக்கை 6: லட்சக்கணக்கில் செலவழிக்காமல் வெளிநாட்டு வேலை எப்படிக் கிடைக்கும்?

உண்மை: ஆள் எடுக்கும் செலவு பல நாடுகளில் முதலாளியின் பொறுப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், அந்தச் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊழியரிடம் வாங்கக் கூடாது என்கிறது. அங்கே வேலை ஆஃபரை அரபு, ஆங்கிலத்தோடு ஊழியருக்குப் புரியும் மூன்றாம் மொழியிலும் தர ஏற்பாடு உண்டு. அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு எச்-1பி விசாவில் அழைத்துவரப்பட்ட 350க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களிடம் ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் கறந்தது ஓர் ஏஜென்சி. வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிய அவர்கள் பயந்து ஒதுங்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 2012 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்ற ஜூரி அவர்களுக்கு 45 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஏஜென்சி காட்டிய வேலையும் விசாவும் போலியல்ல. அப்படியிருந்தும் வாங்கிய கட்டணம் சட்டவிரோதமாக இருந்தது.

இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். ரசீதும் தர வேண்டும். ஏஜென்ட்டின் பதிவு எண் உண்மையானதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கின்றன. பள்ளியின் பெயர், விசாப் பிரிவு, ஏஜென்ட்டின் பதிவு எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாளே அங்கே போய்க் கேட்கலாம்.