விருந்தினர் கை நனைக்காதது ஏன்?

மார்க்கம், மரபு, காலம்: அண்டை வீட்டாரை அறிந்துகொள்ள ஒரு பாடம்

லாபிஸ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடைபெற்ற திருமணத்திற்கு நானும் சென்றிருந்தேன். மணமகளின் தந்தை பால்வெட்டுத் தொழிலாளர். அவரோடு பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டிய மலாய் நண்பர் ஒருவர் தம் துணைவியாருடன் வந்தார். மணமக்களை மனமார வாழ்த்தினார், பரிசும் அளித்தார். ஆயினும் பந்தியில் அமரவில்லை. புட்டியில் அடைத்த பானமும் ஓர் ஆரஞ்சுப் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு விடைபெற்றார்.

அவர் சென்றபின் மணமகளின் தந்தை வாடிய முகத்தோடு, "இத்தனை ஆண்டு பழகியும் நம் வீட்டில் கை நனைக்க அவருக்கு மனம் வரவில்லையே, சார்!" என்றார். அருகிலிருந்த அவருடைய முதிய தாயார், "எங்கள் அப்பா ஊரில் மேல்தெருக்காரர்களும் இப்படித்தானாம். நம் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார்களாம்" என்றார்.

அம்மூதாட்டியின் சொல்லில் ஒரு பழைய காயம் இருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் தேநீர்க் கடைகளிலும் தனிக் குவளை வைத்து மனிதரைப் பிரித்த கொடுமையை நம் முன்னோர் பலர் பட்டறிந்தவர்கள். ஆகவே, ஒருவர் நம் வீட்டு உணவை மறுத்தால் அவர் நம்மையே மறுத்துவிட்டதாக நம் உள்ளம் எண்ணிக்கொள்கிறது. ஆனால், அந்த மலாய் நண்பர் மறுத்தது உணவை மட்டுமே. மனிதரை அவர் மறுக்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் பதினைந்து ஆண்டு நட்பு அன்று ஒரு நொடியில் கசந்துபோகவிருந்தது.

இஸ்லாமிய அண்டை வீட்டாரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, மார்க்கம் விதித்த கடமை. இரண்டாவது, அந்தந்த நாட்டு மக்களின் வழக்கம். இதனை மலாய்க்காரர் 'அடாட்' என்பர். மூன்றாவது, காலத்திற்கேற்ப அரசும் மக்களும் செய்துகொள்ளும் ஏற்பாடு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே மனத்தாங்கல்கள் பலவற்றிற்குக் காரணமாகும்.

உணவும் கடமையும்

இஸ்லாத்தில் உண்ணத் தகுந்தது 'ஹலால்', விலக்கப்பட்டது 'ஹராம்' எனப்படும். பன்றி இறைச்சியும் மதுவும் விலக்கப்பட்டவை. ஆடு, கோழி போன்றவற்றையும் இறைவன் பெயர் சொல்லி முறைப்படி அறுத்திருந்தால்தான் உண்ணலாம். பிற தெய்வங்களுக்குப் படைத்த உணவும் அவர்களுக்கு ஆகாது. எனவே, கோயில் பிரசாதத்தை அன்போடு நீட்டினாலும் அவர்கள் தயங்குவர்.

பாத்திரத்தைப் பற்றியும் விதி உண்டு. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்ட நெறியைப் பின்பற்றுகின்றனர். அந்நெறிப்படி, பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டாலும் இதே விதிதான். லயத்து வீடுகள் பலவற்றில் காவலுக்கு நாய் வளர்க்கிறோம். முஸ்லிம் நண்பர் வரும்போது அதனைக் கட்டிவைத்தால் அவர் நிம்மதியாக வாசல் ஏறுவார்.

மரக்கறி உணவு தன்னளவில் விலக்கப்பட்டதன்று. ஆயினும், சமைத்த பாத்திரம் எத்தகையது என்னும் ஐயம் சிலருக்கு எழும். அதனால் சிலர் உண்பர், சிலர் தவிர்ப்பர். இது அவரவர் பேணுதலைப் பொறுத்தது. இதில் உயர்வு தாழ்வு என்னும் கருத்து இல்லை. சைவ உணவை நோன்பாகக் கொண்ட நம்மவர், மீன் குழம்பு வைத்த சட்டியில் காய்ச்சிய ரசத்தைத் தவிர்ப்பதில்லையா? அதுபோலவே இதனையும் கொள்ளலாம்.

நோன்பும் பால்வெட்டும்

ரமலான் மாத நோன்பு மார்க்கக் கடமை. விடியலுக்கு முன் 'சஹர்' உணவு உண்டு, அந்திவரை நீரும் அருந்தாதிருப்பர். நம் நாட்டில் இது ஏறத்தாழ 13 மணி நேரம். பால்மரம் குளிர்ந்த விடியற்பொழுதில்தான் நன்கு பால் சுரக்கும். ஆதலால் நம் வேலையும் அந்நேரத்திலேயே தொடங்குகிறது. நோன்பாளி வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க விரும்புவது இயல்பே. பால் சுமந்து செல்லும் கடைசி நேரத்தில் ஒரு கை கொடுப்பது நல்ல தோழமையாகும். நோயாளிகளும் பயணிகளும் அப்போது நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். கருவுற்ற பெண்களுக்கும் சலுகை உண்டு. ஆகையால், "நீ ஏன் நோன்பு வைக்கவில்லை?" என்று எவரையும் நாம் கேட்கலாகாது.

இஸ்லாமிய ஆண்டு நிலவைக் கொண்டு கணிக்கப்படுவது. ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது. ஆதலால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் 11 நாட்கள் அளவுக்கு முன்னே நகரும். தீபாவளியோ ஐப்பசியை விட்டு அகலாது. 2005-ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 1-லும், நோன்புப் பெருநாள் நவம்பர் 3-லும் வந்தன. 'தீபராயா' என்று நாடே அவற்றைச் சேர்த்துக் கொண்டாடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நாட்டு வழக்கம்

மலாய்த் திருமணத்தில் மார்க்கம் வேண்டுவது 'நிக்காஹ்' மட்டுமே. பெண்ணின் பொறுப்பாளர், இரு சாட்சிகள், மணமகன் அளிக்கும் மணக்கொடை, இருதரப்புச் சம்மதச் சொற்கள் ஆகியவை இருந்தால் அது நிறைவேறும். மணமக்களை அரசன் அரசிபோல் மேடையில் அமர்த்தும் 'பெர்சாண்டிங்' நாட்டு வழக்கம். விரலுக்கு மருதாணி இடுவதும் அத்தகையதே. நம் வீட்டு மணமேடையையும் மருதாணியையும் அது நினைவூட்டுகிறதன்றோ? இத்தகைய வழக்கங்களுள் எவை தக்கவை, எவை தவிர்க்கத்தக்கவை என்று முஸ்லிம்களிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு.

மலாய்மொழியும் இக்கலப்பைக் காட்டுகிறது. நோன்பைக் குறிக்கும் 'புவாசா' என்னும் சொல் 'உபவாசம்' என்பதிலிருந்து வந்தது. 'சுர்கா', 'நெராகா' என்பன நாம் கூறும் சொர்க்கமும் நரகமுமே. தமிழ் முஸ்லிம்களோ தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எனத் தூய தமிழ்ச் சொற்களால் தம் மார்க்கத்தைப் பேசுகின்றனர். தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அதே மார்க்கத்தினராயினும், அவர்தம் உடையும் உணவும் வேறு. மார்க்கம் ஒன்று, அது வேரூன்றிய மண் பல.

காலத்தின் ஏற்பாடு

மூன்றாவது பிரிவிற்கு நம் ஜொகூர் மாநிலமே எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆண்கள் கூடித் தொழுவது கடமை. அழைப்பொலி கேட்டதும் வாணிபத்தை நிறுத்தித் தொழுகைக்கு வருமாறும், முடிந்தபின் கலைந்து சென்று வாழ்வுக்கு வேண்டியதைத் தேடுமாறும் திருக்குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம் பணிக்கிறது. நாள் முழுதும் ஓய்வு என்பது அக்கடமையன்று. அது அரசு செய்யும் ஏற்பாடு.

அதனாலேயே அது மாறிவந்துள்ளது. முன்பு ஜொகூரில் வெள்ளிக்கிழமை வார ஓய்வு நாளாக இருந்தது. 1994-இல் ஞாயிறுக்கு மாறியது. 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியும் சனியும் ஓய்வு நாட்களாயின. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும் ஆயின. இடைப்பட்ட அந்தப் பதினோர் ஆண்டுகளில், தந்தைக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி என்னும் இடர்ப்பாடு தனியார்துறைத் தொழிலாளர் இல்லங்களில் நேர்ந்தது. ஓய்வு நாள் மாறிற்று. வெள்ளித் தொழுகை மாறவில்லை. கடமைக்கும் ஏற்பாட்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மீண்டும் அந்த வீடு

அன்று அத்தந்தையிடம் இவற்றுள் சிலவற்றை எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் இளைய மகளின் திருமணத்திற்கு அழைத்தார். பந்தலின் ஒரு புறத்தில் தனி மேசை போடப்பட்டிருந்தது. லாபிஸ் பட்டணத்து முஸ்லிம் சமையற்காரரிடம் சொல்லி வரவழைத்த சோறும் கோழிக்கறியும் அவருடைய பாத்திரங்களிலேயே இருந்தன. அந்த மலாய் நண்பர் வயிறார உண்டார். தனி மேசை என்பதால் அவர் தனித்திருக்கவில்லை. மணமகளின் தந்தையும் அங்கேயே அமர்ந்து உடன் உண்டார். மூதாட்டி தம் கையாலேயே அவருக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த நோன்புப் பெருநாளில் அந்நண்பரின் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கப்படவில்லை. "அண்ணன் குடும்பம் வருகிறது, கோழி போதும்" என்று அவர் முன்னரே சொல்லிவிட்டாராம். 1970-இல் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும் பற்றியது. அக்கோட்பாடு இவ்விரு வீடுகளின் அடுக்களையில் நடந்தேறியது.

பிள்ளைகளோடு கலந்து பேசுக

1. உங்கள் வீட்டு விழாவிற்கு முஸ்லிம் நண்பரை அழைத்தால் என்னென்ன ஏற்பாடு செய்வீர்கள்?

2. நம் திருமணச் சடங்குகளுள் சமயம் வேண்டுவன எவை? வழக்கத்தால் வந்தவை எவை?

3. பிறர் செயல் ஒன்றால் மனம் புண்பட்டபோது, காரணத்தை அவரிடமே கேட்டறிந்தது உண்டா?