தடையில்லா மின்சாரம்: நாம் அறிய வேண்டியவை

மாலை வேளை. மழை பிடித்துக்கொண்டது. பால்மரக் காட்டில் காற்று சுழன்றடிக்கின்றது. லயத்து வீடுகளில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுகின்றது; மறுபடியும் சிமிட்டுகின்றது; பின்னர் அணைந்தே போய்விடுகின்றது. "கரண்டு போய்விட்டது" என்று கூறிக்கொண்டு நாம் மெழுகுவர்த்தியைத் தேடுகின்றோம். அவ்விரண்டு சிமிட்டல்களுக்கும் பொருள் உண்டு. அப்பொருளை அறிந்திருத்தல் ஓர் உயிரையே காக்கக்கூடும்.

முன்னாளில் பல தோட்டங்களில், சொந்த மின்னாக்கி இயந்திரமே மாலையில் சில மணி நேரம் லயங்களுக்கு ஒளி தந்தது. இயந்திரம் நின்றால் தோட்டமே இருளில் மூழ்கும். 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. அதன் பணியை 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றது. இன்று தீபகற்பத்தின் பெரிய மின் நிலையங்கள் யாவும் ஒரே வலைப்பின்னலாக இணைக்கப்பட்டுள்ளன. ஒரு நிலையம் பழுதுற்றாலும் மற்றவை கைகொடுக்கும்.

காண்டாக் கம்பின் சமநிலை

வெட்டிய பாலை ஆலைத் தொட்டியில் ஊற்றி வைக்கலாம். மின்சாரத்தை அவ்வாறு பெருமளவில் சேர்த்து வைப்பது எளிதன்று. நாடு முழுவதும் மக்கள் எவ்வளவு செலவிடுகின்றார்களோ, அவ்வளவும் அந்தந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் உள்ள வாளிகள் ஒத்த எடையில் இருந்தால்தான் தோள் சாயாமல் நடக்கலாம். இங்கும் அதே கதைதான். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்னும் அளவில் ஓடுகின்றது. செலவு மிகுந்து உற்பத்தி குறைந்தால் இவ்வளவு தாழும். உற்பத்தி மிகுந்தால் உயரும். கட்டுப்பாட்டு மையத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும் ஊழியர்கள் இந்த அளவைக் கண்காணிக்கின்றனர். உடனே கைகொடுக்கும் பொருட்டு, சில இயந்திரங்கள் தம் முழு வலிமையையும் காட்டாமல் தயார் நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சமநிலை குலைந்தால் நேர்வது என்ன என்பதை 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் கண்டோம். அன்று மாலை, திரெங்கானு மாநிலத்துப் பாக்கா மின் நிலையத்தருகே உயர் அழுத்தத் தடம் ஒன்று துண்டிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மற்ற நிலையங்களும் நின்றன. தீபகற்பம் பல மணி நேரம் இருளில் ஆழ்ந்தது. வலைப்பின்னல் நமக்குப் பலம் தருகின்றது. ஆயினும் ஓரிடத்துப் பழுது நாடெங்கும் பரவவும் அதுவே வழியாகிவிடலாம். ஆதலால் பழுதுற்ற பகுதியை நொடிப்பொழுதில் பிரித்துவிடும் காப்புக் கருவிகள் வழிநெடுகிலும் அமைக்கப்படுகின்றன. சுழற்சி அளவு மிகவும் தாழ்ந்தால், சில பகுதிகளுக்கு மின்சாரத்தைத் தாமாகவே நிறுத்தி எஞ்சிய பகுதிகளைக் காக்கும் ஏற்பாடும் உண்டு.

பழுது வருமுன் காத்தல்

நமது நாட்டில் இடி மின்னல் மிகுதி. ஆகவே உயர்ந்த கோபுரங்களின் உச்சியில் மின்னலைத் தாங்கி நிலத்துக்குள் செலுத்தும் கம்பி ஓடுகின்றது. மின்மாற்றியின் எண்ணெயைச் சோதிக்கின்றனர். கம்பி இணைப்புகளில் அளவுக்கு மீறிய சூடு இருப்பின், அதனை வெப்பம் காட்டும் படக்கருவி கொண்டு முன்னரே கண்டுபிடிக்கின்றனர். மின்தடத்தின் இருபுறமும் வளரும் மரக்கிளைகளைக் கழிக்கின்றனர். இவ்வாறு முன்னறிவிப்புடன் சில மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும்போது நாம் சலித்துக்கொள்வதுண்டு. கத்தியைத் தீட்ட நேரம் ஒதுக்காதவர் மரத்தைக் காயப்படுத்துவார் என்பது பால் வெட்டுவோர் அறிந்ததே. இத்தகைய பராமரிப்பின் பயனாக, தீபகற்பத்தில் ஒரு பயனீட்டாளருக்கு ஏற்படும் மின்தடை அண்மைய ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 50 நிமிட அளவிலேயே இருந்து வந்துள்ளது.

இரண்டு சிமிட்டல்களின் பொருள்

நகரங்களில் பெரும்பாலும் இரு வழிகளில் மின்சாரம் வந்து சேரும். ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறக்கப்படும். உட்புறத் தோட்டங்களுக்கோ பல இடங்களில் மரங்களினூடே செல்லும் ஒரே தடம்தான் உண்டு. ஒரு கிளை கம்பியில் பட்டதும், தடத்திலுள்ள தானியங்கி விசை மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. கிளை விலகியிருக்கலாம் என்று சில நொடிகளில் மீண்டும் இணைத்துப் பார்க்கின்றது. நம் வீட்டு விளக்கு சிமிட்டுவது இதனால்தான். பழுது நீங்காவிடில், விசை இறுதியில் திறந்தே நின்றுவிடும்.

இதில்தான் பேராபத்து உள்ளது. விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு, "கம்பியில் கரண்டு இல்லை" என்று எண்ணி, விழுந்த கிளையைக் கழியால் தள்ள முற்படுவோர் உண்டு. விசை எந்த நொடியிலும் மீண்டும் இணையலாம், தொலைவிலிருந்தும் இணைக்கப்படலாம். ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். அறுந்து கிடக்கும் கம்பி எப்போதும் உயிருள்ளது என்றே கொள்ளுதல் வேண்டும்.

நமது கடமைகள்

1. விழுந்த கம்பிக்குக் குறைந்தது 10 மீட்டர் தொலைவில் நில்லுங்கள். பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பால் அழைத்துச் செல்லுங்கள். தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

2. கிளை கம்பியை நெருங்குவதைக் கண்டால், காற்று வரும்வரை காத்திராமல் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள். விடியற்காலையில் நிரை நிரையாக நடக்கும் நம் கண்களுக்கே அது முதலில் தென்படும்.

3. மறுநடவுக்காகத் தடத்தருகே மரம் சாய்க்குமுன், மின் நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டதா என்று கேட்டறியுங்கள்.

4. மின்தடத்தின் கீழே உலோகக் கழியை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். மின்கம்பத்தில் துணிக்கொடி கட்டாதீர்கள்.

5. வீட்டிலுள்ள மின்கசிவு காப்பு விசையின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழாவிடில், தகுதி பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

மின் நிலையம் தொலைவில் உள்ளது. அதனைக் காப்போர் வேறு சிலர். ஆயினும் அங்குப் புறப்பட்ட மின்சாரத்தின் கடைசிச் சில மைல்கள் நம் மரங்களினூடேதான் வருகின்றன. அந்த வழியைக் கண்காணிப்பவர்களாக நாமும் இருப்போமாக. அடுத்த முறை விளக்கு சிமிட்டும்போது, நம் பிள்ளைகளுக்கும் அதன் பொருளை எடுத்துரைப்போமாக.